பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இறுகிப்போன பிஸ்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் ஓடாமல் கிடந்த மோட்டார் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிக்கரில் கால் வைத்தால், கிக்கர் இறங்காது. திருகோணமலையில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் இது பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதிலோடு தருகிறேன்.

1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஊர் இது. சீனக்குடாவில் அவர்களின் விமானத்தளமும் இருந்தது. பிஎஸ்ஏ, மச்லெஸ், நோர்ட்டன் என்று பழைய பிரித்தானிய பைக் ஒன்று ஏதாவது கொட்டிலின் மூலையில் கிடந்தால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நிறுத்திவிட்டு அப்படியே மறந்துபோன ஹொண்டாக்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரி ஒன்றுதான்: உப்புக்காற்றும் ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வாடை மழையும் சேர்ந்த ஈரம்.

முதலிலேயே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் தேடினால் கிடைக்கும். சிலிண்டரைப் போர் செய்யலாம், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கலாம்; ஸ்லீவ் அடிக்கலாம், அதாவது உள்ளே புதுக் குழாய் இறக்கலாம். பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கொன்ரொட் கிடைப்பது கஷ்டம். அந்தக் கிராங்கை உள்ளே வைத்திருக்கும் கிராங்க்கேஸுக்கு மாற்றே இல்லை. எஞ்சின் இலக்கம் அதில்தான் பொறித்திருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் அதே இலக்கம்தான். ஏதாவது ஒன்றை இழக்கத்தான் வேண்டும் என்றால், இந்த வரிசையில் பிஸ்டனிலிருந்து தொடங்கி இழக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

கிக்கர் அசையவில்லை. பிஸ்டன்தான் இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கிக்கருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் நிறையப் பொருட்கள் இருக்கின்றன. கிக்கரின் பல்லே துருப்பிடித்து நின்றிருக்கலாம். கியர்பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். பின்சக்கரத்தின் பிரேக் ஒட்டிக்கொண்டு, கியரும் விழுந்த நிலையில் இருந்தால் வண்டி முழுக்க இறுகிய மாதிரித்தான் தெரியும்.

முதலில் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பின் செயினைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அப்புறம் கிளச் பக்க மூடியைத் திறந்து, எஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் செயினையும் எடுத்துவிட்டுக் கிராங்க் நட்டில் ஸ்பானரை வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். இப்போதும் அசையவில்லை என்றால்தான் பிரச்சினை எஞ்சினுக்குள் இருக்கிறது.

அங்கேயும் பிஸ்டன் மட்டும் காரணம் என்றில்லை. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் துருப்பிடித்து நின்றிருக்கலாம், குறிப்பாக டூ ஸ்ட்ரோக்கில். ஓவர்ஹெட் கேம் உள்ள ஹொண்டாவில் வால்வைத் திறக்கும் கேம் அல்லது ரொக்கர் பிடித்திருக்கலாம். கொஞ்சம் அசைந்து, இரும்பில் இரும்பு முட்டியதுபோல் ஒரே இடத்தில் "டக்" என்று நின்றால் அது துரு அல்ல. ஏதோ ஒன்று இடையில் மாட்டியிருக்கிறது, பெரும்பாலும் திறந்தபடி நின்றுவிட்ட வால்வு. துருவில் இறுகிய பிஸ்டன் அசையவே அசையாது, அல்லது ரப்பரை அழுத்துவதுபோல் ஒரு மயிரிழை போய்த் திரும்பி வரும்.

எதனால் இறுகுகிறது? எல்லாம் துருதானே?

வார்ப்பிரும்புச் சிலிண்டரும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு ரிங்கும் ஈரத்தில் சேர்ந்து துருப்பிடிப்பதுதான் அதிகம் நடப்பது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதோ ஒயில் படலத்துக்கான இடம் மட்டும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு துருவே எஞ்சினை நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது வகை, கடல்தண்ணீர் புகுந்தது. அலுமினியப் பிஸ்டனும் இரும்புச் சுவரும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பற்றரிபோல வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம். வெள்ளை மாவுபோல ஒன்று பிஸ்டனைச் சுற்றி நிரம்பி ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும். இதுதான் மிகவும் பிடிவாதமானது.

மூன்றாவது, ஓடும்போதே சூட்டில் பிடித்தது. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் இழுபட்டிருக்கும். இது பெரும்பாலும் ஆறியதும் விட்டுவிடும். ஆனால் விட்ட பிறகும் பிஸ்டனும் சிலிண்டரும் கீறல் விழுந்துதான் வரும். கடைசி வகை, பழைய ஒயில் காய்ந்து பசையாகிப் பிடித்தது. மண்ணெண்ணெய் பட்டாலே இளகிவிடும், ஒரு தொந்தரவும் இல்லை.

ஹெட்டைக் கழற்றாமலே செய்ய முடியாதா?

முடியும், ஆனால் குருட்டு வேலை. பிஎஸ்ஏ எம்20 போன்ற சைட்வால்வு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருப்பதால் ஹெட் என்பது வெறும் மூடி. பிரேமிலிருந்து எஞ்சினை இறக்காமலே கழற்றிவிடலாம். அந்த வசதி இருக்கும்போது உள்ளே பார்க்காமல் வேலை செய்வதில் அர்த்தமில்லை. ஒரு விஷயம்: இந்த பிரித்தானிய எஞ்சின்களுக்கு விட்வோர்த் அளவு ஸ்பானர்தான் வேண்டும். மி.மீ. ஸ்பானரைச் செருகி ஹெட் போல்ட்டின் தலையை உருட்டிவிட்டால் பிஸ்டனுக்கு முன்பு அதுவே பெரிய வேலையாகிவிடும்.

ஹெட்டைத் திறந்ததும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேலே நின்றால் சுவரின் பெரும்பகுதி பிஸ்டனுக்குக் கீழே, ஒயில் பட்ட பக்கத்தில் தப்பியிருக்கும். கீழே நின்றால் மேலே தெரியும் சுவர் முழுக்கத் துருவாக இருக்கும். அந்தச் சுவரை முதலில் ஒயில் தொட்ட நுண்ணிய எமரித் தாளால் சுத்தமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் விட்டாலும் மேலே வரும் வழியில் அடுத்த துருவில் போய் மாட்டும்.

பழைய ஹெட் கேஸ்கட்டுகள் பல, செம்புத் தகட்டுக்குள் அஸ்பெஸ்டஸ் வைத்துச் செய்தவை. பழைய கிளச் தட்டுகளிலும் அது உண்டு. காய்ந்தபடி சுரண்ட வேண்டாம். நன்றாக நனைத்துவிட்டுச் சுரண்டி, ஈரமாகவே பொலித்தீன் பையில் கட்டி எறியுங்கள்.

எந்த எண்ணெய் ஊற்றுவது நல்லது?

நான் நம்புவது அசிட்டோனும் ஏடிஎஃப் என்று கடையில் கேட்டால் தரும் ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்தது. அசிட்டோன் மெல்லிய இடுக்குக்குள் ஒயிலை இழுத்துக்கொண்டு போகும், பிறகு அது ஆவியாகி ஒயில் அங்கே தங்கும். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது, பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெற்றோலைப் போலவே தீப்பிடிக்கும். அடுப்பு, வெல்டிங், சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. கதவை மூடிக்கொண்டு வேலை செய்யவும் கூடாது. பெயின்ட்டும் கரையும், ஆகவே பெற்றோல் டாங்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அசிட்டோன் கிடைக்கவில்லை என்றால் டீசலும் ஏடிஎஃப்பும் கலக்கலாம். வேகம் குறைவு, ஆனால் வேலை செய்யும். ஸ்பிரே டப்பாவில் வரும் டபிள்யூடி-40 நட்டுக்கு நல்லது. வாரக்கணக்கில் ஊறவைக்க அது தோதில்லை, சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஊற்றுவதற்கு முன்பு கிராங்க்கேஸின் அடி பிளக்கைத் திறந்து உள்ளே இருப்பதை ஒரு தட்டில் வடியுங்கள். ஒயிலுக்கு முன்பு தண்ணீர் வந்தால் கிராங்கும் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். கறுப்பு ஒயில் மட்டும் நிறைய வந்தால் சந்தோஷப்படுங்கள். ஒயில் டாங்கியிலிருந்து கசிந்து இறங்கிய ஒயில் இத்தனை வருடமும் கிராங்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோலா, வினாகிரி, எலுமிச்சை, கோஸ்டிக் சோடா?

கோலாவில் இருக்கும் அமிலம் துருவைக் கொஞ்சம் கரைக்கும், உண்மைதான். மீதி முழுவதும் தண்ணீரும் சீனியும். துருவை எடுக்கப் போய்த் தண்ணீரை ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வினாகிரியும் எலுமிச்சையும் துருவைத் தின்னும், ஆனால் ஊறவிட்டால் அலுமினியத்தையும் விடாது. கழற்றி எடுத்த இரும்புப் பொருளை வினாகிரியில் போடலாம். எஞ்சினுக்குள் ஊற்ற வேண்டாம்.

கோஸ்டிக் சோடாவைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அது அலுமினியத்தைக் கொதித்துக்கொண்டு கரைக்கும், அப்போது வெளிவருவது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு. பிஸ்டன் கரைந்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். கிராங்க்கேஸும் அதே அலுமினியம்தான்.

எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும்?

லேசான துருவுக்கு ஒரு வாரம் போதும். மூன்று நான்கு வாரம் எடுப்பவையும் உண்டு. தினமும் மட்டத்தைப் பாருங்கள். ஊற்றியது கீழே இறங்கத் தொடங்கினால் அது நல்ல செய்தி: ரிங்கைச் சுற்றி எங்கேயோ வழி கிடைத்துவிட்டது. இறங்க இறங்க மேலே நிரப்பிக்கொண்டே இருங்கள். அசிட்டோன் ஆவியானாலும் மட்டம் குறையும் என்பதால் வாயைப் பொலித்தீனால் மூடி ரப்பர் வளையம் போட்டு வையுங்கள்.

ஊறும் நாட்களில் தினம் ஒருமுறை, பிஸ்டனின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டுங்கள். இறக்குவதற்கான அடி அல்ல இது. அதிர்வில் துரு நுணுக்கமாக வெடித்து ஒயிலுக்கு வழிவிடும்.

சூடாக்கலாமா? "சூடாக்கினால் பிஸ்டன் இன்னும் இறுகும்" என்கிறார்களே.

சொல்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். எம்20 பிஸ்டனின் விட்டம் 82 மி.மீ. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து 100 பாகை செல்சியஸ் கூடினால் பிஸ்டன் ஏறத்தாழ 0.19 மி.மீ. விரியும், சிலிண்டர் 0.09 மி.மீ. அளவுதான் விரியும். ஆகவே சூட்டில் இறுகும், சரி. ஆனால் ஆறும்போது பிஸ்டன் அதே அளவு சுருங்கித் திரும்பி வருகிறதே! அந்தச் சுருக்கத்தில்தான் துருவின் பிடி உடைகிறது, இடுக்கு திறந்து ஒயில் உள்ளே போகிறது. சூடாக்குவதும் ஆறவிடுவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் பலன்.

இன்னொரு வழி, வெளியிலிருந்து சிலிண்டரை மட்டும் வேகமாகச் சூடாக்குவது. சூடு பிஸ்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிலிண்டர் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். அந்தச் சில நிமிடத்தில் தட்ட வேண்டும்.

ஹொட் எயார் கன் போதும். தண்ணீர்த் துளி பட்டால் பொரியும் அளவு சூடு, அதற்கு மேல் வேண்டாம். காஸ் வெல்டிங் சுவாலையை ஒரே இடத்தில் பிடித்தால் சிலிண்டரைக் காற்றில் ஆற்றும் வார்ப்பிரும்புச் செட்டைகள் வெடிக்கும். அசிட்டோன் கலவை ஊற்றியிருந்தால் அதை முழுக்க உறிஞ்சி எடுத்து, துடைத்து, ஒரு நாள் காற்றாட விட்ட பிறகே சூட்டைப் பற்றி நினைக்க வேண்டும். சூடாக்கும் நாளில் உள்ளே வெறும் என்ஜின் ஒயில் கொஞ்சம் இருந்தால் போதும். அப்போதும் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

நாலாம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் விடும் என்கிறார்கள். கிக்கரில் ஏறி மிதிக்கவும் சொல்கிறார்கள்.

கிக்கரில் ஏறி மிதித்தால் உடைவது கிக்கரின் பல். பின்சக்கரத்தை ஆட்டினால் பாரம் செயின், கியர், கிளச் என்று எல்லாவற்றையும் கடந்துதான் கிராங்குக்குப் போகிறது. ஊறி முடிந்த, லேசாகப் பிடித்த எஞ்சினுக்கு அது சரி. ஊறாத எஞ்சினில் கிளச்தான் வழுக்கும்.

கிராங்க் நட்டில் ஸ்பானர் வைப்பதே மேல். கைபிடி ஓரடிக்கு மேல் நீளம் வேண்டாம். குழாய் செருகி நீட்டினால் உங்கள் கை எதையும் உணராது. சில எஞ்சின்களில் நட்டு இடப்புரியாக இருக்கும், சுற்றும் முன் மரையைப் பாருங்கள். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். அரை மி.மீ. அசைந்தாலும் நிறுத்தி ஒயில் விட்டு, அடுத்த நாள் தொடருங்கள். அசைந்த உற்சாகத்தில் ஒரே இழுவையில் முழுச்சுற்றுச் சுற்றுவதால்தான் ரிங் உடைந்து, அதன் துண்டு சுவரில் கோடு இழுக்கிறது.

பிஸ்டனை அடித்து இறக்குவது எப்படி?

பிஸ்டன் தலையின் நடுப்பகுதி மெல்லியது, ஓரம்தான் பலம். நேரே சுத்தியலால் அடித்தாலோ இரும்புக் கம்பியை வைத்து அடித்தாலோ நடுவில் குழி விழும், அல்லது ஓட்டையாகும். சிலிண்டரின் விட்டத்தைவிட இரண்டு மி.மீ. குறைவாக ஒரு வட்டக் கட்டை கடைந்து, அதன் அடிப்பக்கத்தைப் பிஸ்டன் தலையின் வளைவுக்கு ஏற்றபடி குழித்தால் பாரம் ஓரத்தில் விழும். நம் பக்கத்துப் பாலை மரமும் முதிரையும் இதற்கென்றே உண்டாக்கியதுபோல் கடினம். பழைய கதவு நிலையின் துண்டு ஒன்று போதும். தேக்கு இதற்கு மெது, நசுங்கி அடியின் வேகத்தை விழுங்கிவிடும்.

கனமான சுத்தியலால் ஓங்கி அடிப்பதைவிட நடுத்தரச் சுத்தியலால் பல சின்ன அடி நல்லது. ஒவ்வொரு பத்து அடிக்கும் பிஸ்டன் ஓரத்திலிருந்து சிலிண்டர் விளிம்புவரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் நிறுத்துங்கள்.

அடிப்பதற்குப் பதில் அழுத்தவும் செய்யலாம், எனக்குப் பிடித்த முறை அதுதான். ஹெட் இருந்த இடத்தில் அரை அங்குலத் தடிப்பில் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்காக வைத்து, ஹெட் போல்ட்டுகளாலேயே இறுக்கி, நடுவில் மரை வெட்டிப் பெரிய போல்ட் ஒன்றைக் கட்டையின் மேல் முடுக்குவது. ஊரில் எந்தக் கடைசல் பட்டறையிலும் செய்து தருவார்கள். இறுக்கிவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் போல்ட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பாரமும் அதிர்வும் சேரும்போது விடுவதுபோல் வேறெதிலும் விடாது.

அடிக்கவோ அழுத்தவோ முன்பு அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

பிஸ்டன் உச்சியில் நின்றால்? அடியில் நின்றால்?

இதைக் கவனிக்காமல் கொன்ரொட்டை வளைத்தவர்கள் பலர். உச்சியிலும் அடியிலும் கொன்ரொட்டும் கிராங்கின் முழங்கையும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அங்கே பிஸ்டனை எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் சுழலாது. முழுப் பாரமும் கொன்ரொட் வழியாக மெயின் பேரிங்கில் போய் உட்காரும். நான்கு டன் அழுத்தினாலும் அசைவு இல்லை, சேதம் மட்டும்தான்.

மறுபக்கமாகப் பார்த்தால் இதே இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. கிராங்கைச் சுழற்றினால் பிஸ்டனுக்குப் போகும் விசை இந்த நேர்கோட்டுக்கு அருகில்தான் மிக அதிகம். ஆகவே உச்சியில் நிற்கும் பிஸ்டனை மேலிருந்து அடிக்காமல், ஸ்பானரில் ஒருவர் மிதமாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கட்டையின் மேல் லேசாகத் தட்டுவது சரி. இருவர் செய்ய வேண்டிய வேலை இது.

அடியில் நிற்கும் பிஸ்டனுக்கு எளிய வழி ஒன்று உண்டு. சிலிண்டரின் அடி நட்டுகளைக் கழற்றிவிடுங்கள். இப்போது கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் சிலிண்டரையே தூக்கிக்கொண்டு மேலே வரும். பாதி உயரம் வந்ததும் சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில், கொன்ரொட்டின் இரண்டு பக்கமும், ஒரே உயரமுள்ள இரண்டு கடின மரத் துண்டுகளைச் செருகுங்கள். இனி மேலிருந்து பிஸ்டனைத் தட்டினால் சிலிண்டர் கட்டையில் நிற்கும், பிஸ்டன் கீழே போகும், கிராங்க் தடையில்லாமல் சுழன்று வழிவிடும். கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள், துருத்தூள் உள்ளே விழக்கூடாது. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் இரண்டு பிஸ்டனும் ஒரே சிலிண்டர் கட்டியில் மாட்டியிருப்பதால் இது அவ்வளவு லேசில் நடக்காது. அங்கே ஊறவைப்பதில் கூடுதல் நாள் செலவழிப்பதுதான் புத்தி.

அண்ணை, கிறீஸ் கன்னால் பிஸ்டனைத் தள்ளலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. என் கணக்கில் அழுத்தும் முறைகளில் மிக வலிமையானது அதுதான். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, உடலுக்குள் கிறீஸ் நிப்பிள் ஒன்றை மரை வெட்டிப் பொருத்த வேண்டும். வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ரொட்டைக் கழற்றிவிட்டால் தாமாக மூடிக்கொள்ளும். சைட்வால்வில் வால்வை நேரே தள்ளும் டப்பற்றைத் தளர்த்த வேண்டும். ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு திரும்ப இறுக்கி, உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் பிளக் ஓட்டை வழியாக ஒயிலால் நிரப்பி, அதற்கு மேல் கிறீஸை அடிக்க வேண்டும். காற்று மிஞ்சக்கூடாது.

82 மி.மீ. சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 53 சதுர செ.மீ. கையால் அடிக்கும் சாதாரண கிறீஸ் கன் 100 பார் அழுத்தத்தைச் சுலபமாகத் தரும். கணக்குப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஐந்து டன்னுக்கு மேல். இந்தப் பாரம் முழுப் பரப்பிலும் சமமாக விழுவதால் பிஸ்டன் உடையாது. ஆனால் அதே ஐந்து டன் ஹெட்டையும் மேலே தூக்கப் பார்க்கிறது. கிராங்க்கேஸ் அலுமினியத்தில் ஸ்டட் ஏறியிருக்கும் எஞ்சினில் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். கை கனத்தால் நிறுத்தி, அந்த அழுத்தத்திலேயே மணிக்கணக்கில் விட்டுவிடுங்கள். உச்சி, அடி பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

கம்பிரஸர் காற்றால் இதைச் செய்யவே கூடாது. காற்று அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்கும். ஏதாவது ஒன்று விட்டால் துப்பாக்கிக் குண்டுபோல் வரும். கிறீஸும் ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பீறிட்டால் தோலைத் துளைக்கும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்து கிறீஸைச் சுத்தம் செய்வது பெரும் பாடு. அதைச் சலிக்காமல் செய்ய மனமிருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

டூ ஸ்ட்ரோக்குக்கும் இதேதானா? என்னிடம் இருப்பது பிஎஸ்ஏ பன்டம்.

ஊறவைப்பதும் சூடாக்குவதும் அதேதான். கிறீஸ் கன் பெரும்பாலும் உதவாது, சுவரில் துவாரங்கள் இருப்பதால் பிஸ்டன் கொஞ்சம் இறங்கியதும் கிறீஸ் அவற்றின் வழியே ஓடிவிடும். சிலிண்டரைக் கழற்றி இழுக்கும்போது இடம் வலமாகத் திருகாதீர்கள். ரிங்கின் நுனி துவாரத்தில் மாட்டி உடையும். நேராக மேலே இழுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் ஒயிலில் குளித்துக்கொண்டு இருப்பதில்லை. பெற்றோலில் கலந்து வந்த ஒயில் மட்டும்தான். ஆகவே பிஸ்டன் இறுகியிருந்தால் கொன்ரொட் கிராங்கில் சேரும் பெரிய முனையின் ரோலர்களும் மெயின் பேரிங்கும் துருவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள். 125 சிசி பன்டத்தின் 52 மி.மீ. பிஸ்டன் சின்னது, அதை விடுவிப்பது லேசு. கிராங்க்தான் செலவு வைக்கும்.

கடல்தண்ணீரில் மூழ்கிய எஞ்சின்?

எடுத்த அன்றே வேலை செய்தால் காப்பாற்றலாம். நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் பலமுறை கழுவி, டீசலால் அலசி, ஒயில் நிரப்பி, கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு உள்ளே இருக்கும்வரை ஒயில் ஊற்றியும் அரிப்பு நிற்காது.

வருடக்கணக்கில் கிடந்தது என்றால் நம் ஊர் மீனவர்களின் போட் எஞ்சின் திருத்துபவர்களிடம் போய்ப் பேசுங்கள். உப்பில் இறுகிய அலுமினியத்தை மோட்டார் சைக்கிள் கராஜ்காரர்களைவிட அவர்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள். எந்தச் சூட்டில் எந்த நட்டு வரும் என்பது அவர்களின் கைக்குத் தெரியும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளிக் கரையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் செய்தும் அசையவில்லை.

அப்போது பிஸ்டனைப் பலிகொடுக்க வேண்டியதுதான். தலையில் வட்டமாக, ஓரத்திலிருந்து பத்து மி.மீ. உள்ளே தள்ளி, ஓட்டைகளை நெருக்கமாகத் துளைத்து நடுத் துண்டைப் பெயர்த்தெடுங்கள். பிறகு சுவரைத் தொடாமல் மெல்லிய உளியால் மிச்ச வளையத்தை உள்பக்கமாக மடக்க வேண்டும். கொன்ரொட்டில் டிரில் படக்கூடாது. பிஸ்டனைக் கொன்ரொட்டில் மாட்டும் பிஸ்டன் பின் எந்தத் திசையில் குறுக்காகப் போகிறது என்று முதலே குறித்து வைத்துக்கொண்டு துளையுங்கள். சுவரில் சிறு கீறல் விழுந்தால் பரவாயில்லை, எப்படியும் போர் செய்யத்தான் போகிறீர்கள். சிலிண்டரின் செட்டையில் கடப்பாரை வைத்து நெம்புவது மட்டும் வேண்டாம். உடைந்த செட்டையை ஒட்டித் தருபவர்கள் இங்கே இல்லை.

அசைந்துவிட்டது! பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனாலும் வேண்டாம். உள்ளே துருத்தூள் நிறைந்த ஒயில் இருக்கிறது, அது அப்படியே பேரிங்குக்குப் போகும். முழுக்கக் கழற்றுங்கள்.

கொன்ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரிய முனையில் மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது வழக்கம். பிஸ்டன் பின்னைக் கொன்ரொட்டின் மேல்பக்கச் சின்ன முனையில் செருகி, கிராங்க்கேஸின் வாயில் ஒரே உயரமுள்ள இரண்டு துண்டுகளை வைத்து, பின்னை அவற்றின்மேல் இறக்குங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் கொன்ரொட் நேர். ஒரு பக்கம் தாள் போகும் இடைவெளி இருந்தாலும் வளைந்திருக்கிறது. அடித்து எடுத்த எஞ்சினில் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

போர் செய்யாமல் பழைய பிஸ்டனையே போடலாமா?

சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் ஓடும் பகுதியில் நகம் எங்காவது மாட்டினால் போர் செய்ய வேண்டும். பிரித்தானிய எஞ்சின்களுக்குப் பெரிய பிஸ்டன் 20 தௌ, 40 தௌ என்று வரும் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஜப்பான் எஞ்சின்களுக்கு 0.25 மி.மீ. படிகளில் 1.00 மி.மீ. வரை. முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதைக் கையில் வைத்து அளந்துதான் சிலிண்டரை வெட்ட வேண்டும். எந்த அளவு பிஸ்டன் கிடைக்கும் என்று தெரியாமல் போரை முதலில் செய்தால் சிலிண்டரும் வீண். கடைசி அளவுக்கும் துருக் குழி போகவில்லை என்றால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே திரும்பலாம்.

குழி எதுவும் இல்லை என்றால் சுவரை லேசாகத் தீட்டி, அதாவது ஹோன் செய்து, புது ரிங் மட்டும் போடலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி நுனி இடைவெளியைப் பாருங்கள். ஒரு அங்குல விட்டத்துக்கு 3 முதல் 4 தௌ என்பது பொதுவான கணக்கு. எம்20க்கு 10 முதல் 13 தௌ வரும்.

மறுபடி இறுகாமல் இருக்க?

ஓட்டுவதுதான் நல்லது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால், நீண்ட தூரம் ஓடிச் சூடான எஞ்சினில் ஒயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். பிளக் ஓட்டையில் இரண்டு தேக்கரண்டி புது ஒயில் விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றி, வால்வு இரண்டும் மூடும் இடத்தில், அதாவது கம்பிரஷன் உச்சியில் நிறுத்துங்கள். காபுரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ஒயில் துணியால் அடையுங்கள். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஹாண்டிலில் கட்டுங்கள்.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் நல்லதல்ல. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத எஞ்சினுக்குள் தண்ணீராகத் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் நிலாவெளி வரையாவது போய் வாருங்கள். முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிவிட்டு, திரும்ப அதே உச்சியில் நிறுத்துங்கள். புரட்டாதி முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிட்டால் வாடை மழைக்கு எஞ்சின் தயார்.